படம் ஏன் இப்படி வந்தது என்று சொல்லுங்கள்

தைப்பூசத்துக்கு மறுநாள் புகைப்பட ஆர்வலர்களிடையே காவடிப் படங்கள் வந்து குவியும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: ‘அருமை’, ‘கலக்கிட்டீங்கண்ணே’, ‘கொஞ்சம் ஷார்ப்பா இருந்திருக்கலாம்’. முதல் இரண்டும் அன்பில் வருபவை, அவை இருக்கட்டும். மூன்றாவதுதான் சிக்கல். படம் தெளிவாக இல்லை என்பது எடுத்தவருக்கே தெரியும். ஏன் தெளிவில்லாமல் போனது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அந்தக் காரணம் கிடைத்தால் அடுத்த தைப்பூசத்தில் சிங்கப்பூரின் டேங்க் ரோட்டில் நிற்கும்போது ஒரு டயலைத் திருப்பிக்கொள்வார். கிடைக்காவிட்டால் அதே படத்தைத்தான் மறுபடியும் எடுப்பார்.

‘தெளிவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு பிழைகள் இருக்கின்றன. விமர்சிக்க வருகிறவர் முதலில் பழக வேண்டியது இவற்றைப் பிரித்தறிவதுதான். படத்தில் உள்ள சின்னச் சின்ன விளக்குப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே நீளத்துக்கு இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. சாலைத் தடுப்பும் தார்ச்சாலையும் கூர்மையாக இருக்க, மயிலிறகும் கைகளும் மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது ஆள். முகம் மங்கலாக இருக்க, முன்னால் நிற்பவரின் தோள்பட்டையோ காவடியின் கம்பியோ பளிச்சென்று தெரிந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. திசையே இல்லாமல் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்து, விளக்குகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது. விளக்குகள் புள்ளியாகவே இருந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே சாய்வில் நீளமான ஒளிக்கோடு கிளம்பினால் அது கைப்பேசி லென்ஸில் ஒட்டிய விரல் எண்ணெய். சட்டைத் துணியில் துடைத்தால் அந்தக் கோடு திசை மாறுமே தவிர முழுதாகப் போகாது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி வேண்டும்.

அடையாளம் தெரிந்துவிட்டால் மருந்து தானாகவே வரும், ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது. கேமரா அசைவுக்குப் பழைய கணக்கு இன்றும் செல்லும்: 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/50 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவானால் ஒன்றரை மடங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸிலோ கேமரா உடலிலோ உள்ள நிலைப்படுத்தி (ஸ்டெபிலைசர்) இந்த அசைவை மட்டும்தான் அடக்கும். சுழன்று ஆடும் காவடியை அது நிறுத்தாது. ‘ஸ்டெபிலைசர் போட்டுத்தான் எடுத்தேன், அப்படியும் கலங்கிடுச்சே’ என்று ஒருவர் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இதுதான். நடந்து வருபவருக்கு 1/250, ஆடுபவருக்கு 1/500 அல்லது அதற்கும் மேல்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. விடியுமுன் சிராங்கூன் சாலையின் தெருவிளக்கில் எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), 1/250 என்று வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, 6400 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். கேமராவோடு வரும் 18-55 ஸூம் லென்ஸை 55 வரை நீட்டிவிட்டால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. இரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) போய்விடுகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றப் பயந்து 6400-இலேயே நின்றால் ஷட்டர் 1/60-க்கு இறங்கும். தொடக்கநிலை ஆர்வலர்களின் காவடிப் படங்கள் கலங்குவதற்கு மிக அடிக்கடி கிடைக்கும் காரணம் இது. படக் கோப்போடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் ‘55 மி.மீ., எஃப் 5.6, 1/60’ என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்: ‘ஸூமை விடுங்கள், 18 பக்கம் வந்து காலால் நெருங்குங்கள். அங்கே லென்ஸ் எஃப் 3.5 வரை திறக்கும். இல்லையென்றால் எஃப் 1.8 உள்ள ஒரு 50 மி.மீ. லென்ஸைக் கொண்டுபோங்கள்.’ ஐஎஸ்ஓவால் வரும் மணல்மணலான இரைச்சலைப் பின்னால் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். கலைந்துபோன கண்ணைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இரைச்சலைக் குறையாகச் சொல்லும் விமர்சனங்களில் பெரும்பாலானவை தொடக்கநிலையில் இருப்பவரைத் தவறான பக்கம் தள்ளிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசியில் எடுத்தவருக்குக் காரணம் வேறு. இரவு முறை பல ஷாட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. நிற்கும் கோபுரம் அதில் அற்புதமாக வரும். நடந்து வரும் பால்குடக்காரர் மெழுகுப் பொம்மையாகவோ இரட்டை ஆளாகவோ வருவார். மனிதர்கள் அசையும் இடத்தில் இரவு முறையை அணைக்கச் சொல்லுங்கள்.

லென்ஸில் படியும் பனி நம் ஊருக்கே உரிய தொல்லை. குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும், குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரக் காற்று நீராகப் படிகிறது. துடைத்தால் உடனே மறுபடியும் படியும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, வெளிச்சூட்டுக்கு அது பழக கால் மணி நேரமாவது விடுவதே தீர்வு. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றினால் ஈரம் உள்ளேயே போய்விடும். ஒருவரின் வரிசையான படங்களில் முதல் பத்து மட்டும் வெளுத்து, பிறகு தானாகவே சரியாகியிருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். எல்லாப் படங்களிலும், எல்லா நாள்களிலும் அந்த வெளுப்பு இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கலாம். கைவிளக்கை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல்போலத் தெரியும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி இல்லாமல் இங்கே லென்ஸை அலமாரிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது.

தீபாவளி ஒளியூட்டுப் படங்களில் சிலவற்றில் குறுக்கே இருண்ட பட்டைகள் ஓடும். ‘கேமரா பழுதா?’ என்று கேட்பார்கள். பழுதில்லை. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்இடி, குழல்விளக்கு ஆகியவற்றின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் 1/500-இல் ஓடும்போது சென்சாரின் ஒவ்வொரு வரியும் அந்த ஏற்ற இறக்கத்தின் வெவ்வேறு கட்டத்தைப் பிடிக்கிறது. மிர்ரர்லெஸ் கேமராவின் ஓசையில்லா ஷட்டரில் இது இன்னும் மோசமாகும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும். ராட்சத எல்இடி திரைகள் வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, இரண்டு மூன்று வேகங்களைப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எக்ஸிஃபில் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் பார்ப்பவர்கள், எடுத்த மணியைப் பார்ப்பதில்லை. அது பெரிய இழப்பு. நாம் பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி எழுந்து மாலை ஏழு மணியை ஒட்டி விழுகிறது. ஏறக்குறைய நேராக மேலே ஏறி நேராக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடுகிறது. குளிர்நாட்டுக்காரர்களின் காணொளிகளில் ஒரு மணி நேரம் நீளும் பொன்னிற வெளிச்சத்தையும் நீல வேளையையும் இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மரினா பே படத்தில் வானம் கரிக்கட்டையாக, கட்டடங்கள் வெந்துபோன வெள்ளையாக இருந்தால், எக்ஸிஃப் பெரும்பாலும் எட்டரை மணி என்று சொல்லும். வானத்தின் நீலமும் ஜன்னல் விளக்குகளும் ஒரே அளவில் நிற்பது சூரியன் மறைந்த பத்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரைதான். எனவே ‘டைனமிக் ரேஞ்ச் (இருளையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறன்) போதவில்லை’ என்று சொல்வதைவிட ‘ஏழு மணிக்கே ட்ரைபாடை விரித்து வையுங்கள்’ என்று சொல்வது நூறு மடங்கு பயன்படும். நடைபாலத்தில் ட்ரைபாட் வைத்தவரானால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம். ஆள்கள் நடக்கும்போது பாலமே அதிர்கிறது. கரையில் உறுதியான தரைக்கு மாறி, இரண்டு நொடி தாமத ஷட்டர் போட வேண்டும்.

நண்பகல் படங்களுக்கும் இதே கணக்குதான். நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. அப்போது எடுத்த முகத்தில் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். மென்பொருளில் நிழலை ஏற்றுங்கள் என்று சொல்ல வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக்குள் ஆளை ஓரிரண்டு அடி உள்ளே நிறுத்தி, வெளிப்பக்கம் முகம் திருப்பச் சொல்லுங்கள். வெயில் பட்ட சிமெண்டுத் தரையிலிருந்து திரும்பி வரும் ஒளி ஒரு பெரிய மென்விளக்கின் வேலையைச் செய்யும்.

முகம் என்று வந்தபிறகு இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம்மிடையே மிகச் சாதாரணமாகச் சொல்லப்பட்டு மிக அதிகக் கேடு செய்யும் விமர்சனம் ‘முகம் இருட்டா இருக்கு, கொஞ்சம் பிரைட் பண்ணுங்க’ என்பது. பல நேரங்களில் அந்த முகம் இருட்டாக இல்லை, கறுப்பாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. கேமராவின் ஒளியளவி, எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடும். கறுத்த முகம் ஃப்ரேமை நிரப்பினால் அளவுக்கு மீறி வெளுக்க வைக்கும். அதே முகம் வெளிறிய வானத்துக்கு முன் சிறியதாக இருந்தால் அளவுக்கு மீறி இருளவைக்கும். சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிக்க வழி இருக்கிறது: நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் மெல்லிய மினுக்கம் தெரிகிறதா, கருவிழியில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறதா, தாடையின் நிழல் பக்கத்தில் தோலின் இழை தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் விழுந்த வெளிச்ச அளவு, சரி. அதற்குமேல் ஏற்றினால் தோல் சாம்பல் பூத்துப் போகும், அந்த மனிதரின் நிறம் தொலைந்துபோகும்.

பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனம் புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் படம். அந்தத் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று முடிவு செய்தார்கள். மற்றத் தோல்களுக்கு என்ன ஆயிற்று என்று நெடுங்காலம் பெரிதாகப் பார்க்கவில்லை. இன்று கைப்பேசியின் அழகு முறை அதே வேலையைக் கேட்காமலே செய்கிறது. நாமே நம் அப்பாவின், அத்தையின் முகத்தை வெளுக்கச் சொல்லி யோசனை கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கறுத்த தோலின் வடிவம் நிழலில் அல்ல, மினுக்கத்தில்தான் தெரியும். ஆகவே சொல்ல வேண்டியது வெளிச்சத்தின் திசை: ‘ஜன்னலோ காரிடார் திறப்போ ஆளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், வெளிச்சம் பெரியதாக, மென்மையாக வரட்டும்.’

நம் விழாப் படங்களில் இன்னும் இரண்டு கடினமான பொருள்கள் உண்டு. ஒன்று விபூதி. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் நெற்றிப்பட்டை எரிந்து வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, விபூதியின் துகள் தெரியும் அளவுக்கு மூன்றில் ஒன்று அல்லது மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, முகத்தைப் பிறகு தேவைக்கு மட்டும் தூக்கலாம். இரண்டாவது அரக்குச் சிவப்புப் பட்டு. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) பத்திரமாக இருப்பதுபோல் காட்டும், ஆனால் சிவப்புக்கான வரைபடம் மட்டும் வலது விளிம்பில் முட்டியிருக்கும். புடவையின் மடிப்பும் நெசவும் காணாமல் போய், சிவப்புப் பெயிண்ட் அடித்ததுபோல் வரும். மணப்பெண் படத்தில் அப்படித் தெரிந்தால் ‘கலர் ஓவர்’ என்று நிறுத்திவிடாமல், மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அமைப்பைப் பற்றி எழுதும்போது மூன்றில் ஒரு பங்கு விதியை (படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, பிரிக்கும் கோட்டில் பொருளை வைப்பது) இழுப்பதால் பலனில்லை. கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று எழுதினால் போதும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இது உடனே தெரியும். நம் படங்களில் வழக்கமாகக் கண்ணைப் பறிப்பவை: மூலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, பச்சை அவசரவழிப் பலகை, தலைக்குப் பின்னால் முளைக்கும் விளக்குக்கம்பம். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் கம்பம் விலகியிருக்கும். தண்ணீர் உள்ள படங்களில் சாய்வைக் கண்டுபிடிக்க மரினா பே சாண்ட்ஸ் கோபுரங்களை நம்ப வேண்டாம், அவற்றின் கால்களே சாய்வாகக் கட்டப்பட்டவை. ஒரு விளக்கையும் தண்ணீரில் அதன் பிம்பத்தையும் இணைத்துப் பாருங்கள். கேமரா நேராக இருந்தால் பிம்பம் விளக்குக்கு நேர் கீழே நிற்கும். கோயில் கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்து விழுவதுபோல் வந்தால், கிட்டே நின்று அகல லென்ஸை அண்ணாந்து பிடித்ததே காரணம். எதிர்ச்சாரிக்குப் போய், கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடித்து, கீழே மிஞ்சும் சாலையை வெட்டிவிடலாம். நீர்நாய்ப் படங்களுக்கு ஒரே வரி: மண்டியிடுங்கள், ஆனால் நெருங்காதீர்கள்.

மிகைப்படுத்திய எடிட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கட்டட விளிம்பைச் சுற்றி வெள்ளை வரப்பு தெரிந்தால் எச்டிஆர் (இருளையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் எடிட்டிங்) கூடிவிட்டது, ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கச் சொன்னால் முடிந்தது.

தொழில்நுட்பத்தில் எந்தக் குறையும் இல்லாத படத்தையும் சில நேரம் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் புல்தரையில் அசந்து தூங்கும் வெளிநாட்டு ஊழியரின் படம், கறுப்பு வெள்ளையில், நல்ல கான்ட்ராஸ்ட்டில் வரும், பாராட்டும் குவியும். அவர் முகம் அடையாளம் தெரிகிறது. அவர் ஊரில் அவர் மனைவி பார்த்தால் எப்படி இருக்கும் என்பதும் விமர்சனத்துக்குள் வரவேண்டிய கேள்விதான். நமக்கு மொழி ஒரு பெரிய வசதி. ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே எழுந்து உட்காருவார்கள், படமும் வேறாகிவிடும். அந்தப் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அலகு குத்தும் நேரத்தில் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்த படத்துக்கும் நான் மதிப்பெண் தரமாட்டேன், அது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சரி.

படத்தை அனுப்புகிறவருக்கும் பொறுப்பு உண்டு. வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எக்ஸிஃபும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் இரண்டும் தங்கும். அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் தகவலும் கூடவே போகும் என்பதால், வீட்டில் எடுத்த குழந்தைப் படங்களில் அதை நீக்கிவிட வேண்டும். எதைக் காட்ட நினைத்து எடுத்தார் என்று ஒரு வரியும் எழுதினால் விமர்சிப்பவருக்குப் பாதி வேலை குறையும். பார்ப்பவரும் திரையின் இரவுநேர மஞ்சள் முறையை அணைத்துவிட்டுத்தான் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் எடுத்த பூக்கடைப் படம் ஒன்றுக்கு எழுதுவதானால் இப்படி எழுதலாம்: ‘அக்கா, பூக்கட்டும் பெரியவரின் விரல்தான் முதலில் கண்ணில் படுகிறது. சரத்தை அவர் இழுக்கும் அந்த நொடியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அடுத்து கண் வலது மேல்மூலைக் குழல்விளக்குக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. 24 மி.மீ.-இல் நேராகப் பிடித்ததால் கூரை உள்ளே வந்துவிட்டது. இரண்டடி முன்னே போய், கேமராவை நெற்றி உயரத்தில் பிடித்துக் கொஞ்சம் கீழே சாய்த்தால் விளக்கு வெளியே போகும், கையும் பெரிதாகும்.’ இதில் குறை ஒன்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. வெண்சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கும் நிற அமைப்பு) கொஞ்சம் பச்சையடித்திருக்கலாம், அது அடுத்த படத்துக்கு இருக்கட்டும். ஒரே நேரத்தில் ஏழு குறைகளைச் சொன்னால் எதையும் திருத்த மனம் வராது.

காரணம் பிடிபடாவிட்டால் ஊகிக்க வேண்டாம். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஐந்தாறு படங்களை எடிட் செய்யாமல் கேளுங்கள். ஃபோகஸ் எங்கே அலைந்தது, ஆள் எப்போது திரும்பினார், பின்னணியில் யார் நுழைந்தார் என்பதெல்லாம் வரிசையில் வைத்தால் தெரிந்துவிடும். பல முறை அந்த வரிசையிலேயே சரியான படம் இருக்கும். சிறிய திரையில் அவசரமாகப் பார்த்து, முகம் பளிச்சென்று இருந்ததை எடுத்துக்கொண்டு, கை சரியான இடத்தில் இருந்ததை விட்டிருப்பார். அப்படியானால் திருத்த வேண்டியது கேமரா அமைப்பை அல்ல, தேர்வு செய்யும் முறையை. எடுத்த அன்றே அழிக்காமல் வைத்து, மறுநாள் பெரிய திரையில் ஒரு காட்சிக்கு ஒன்று என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் கண், இரண்டாம் சுற்றில் கை, மூன்றாம் சுற்றில் ஃப்ரேமின் நான்கு விளிம்பு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தேர்ந்த படத்தோடு, கடைசியாக ஒதுக்கிய படத்தையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.